ஒரு கயிறு, ஒரு தாள்: வன்னிப் பாடசாலை உதைபந்தாட்டத்துக்கு இரண்டும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வலய மட்டப் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகள் வந்தால் வன்னியில் ஒரே வகைச் சச்சரவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வெளியே எடுத்த வீரனை மறுபடி இறக்கலாமா? பாதி ஆட்டம் இருபது நிமிடமா, இருபத்தைந்தா? வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு எதிரே குமிழ் வைத்த பூட்ஸ் போட்டவன் ஆடலாமா? குறுக்குக் கம்பம் இல்லாத கோலில் பந்து எவ்வளவு உயரத்தில் போனால் கோல்? எல்லாமே பந்து உருண்ட பிறகு, அதுவும் ஒரு கோல் விழுந்த பிறகு எழும் கேள்விகள். தோற்ற பக்கம் பஸ்ஸில் ஏறும்வரை தீராது.

இதே கேள்விகளுக்காக இங்கிலாந்துப் பாடசாலைப் பையன்கள் நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே தாடையும் முழங்காலும் உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ட தீர்வு மலிவானது, நமக்கும் கட்டுபடியாகும். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் எல்லாப் பாடசாலைக்கும் போய்ச் சேரும் ஒரேயொரு விதித்தாள் வேண்டும். ஒவ்வொரு மைதானத்துக்கும் அளவு குறித்த ஒரு கயிறு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உதைபந்தாட்டம் 1863இல் இலண்டனில் பிறந்தது என்று பிள்ளைகள் பொது அறிவுக்கு மனனம் செய்கிறார்கள். பிறந்தது உதைபந்தாட்டச் சங்கம். ஆட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே பாடசாலை முற்றங்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முற்றத்துக்கும் ஒரு சட்டம் இருந்தது, அந்தச் சட்டத்தை எழுதியது பெரும்பாலும் அந்த முற்றத்தின் நிலம். சாட்டர்ஹவுஸ் பாடசாலை அப்போது இலண்டன் நகருக்குள் இருந்தது. கல் பாவிய ஒடுங்கிய நடைகூடத்தில் பையன்கள் ஆடினார்கள். அங்கே ஆளைப் பிடித்து விழுத்தினால் மண்டை பிளக்கும், பந்தைத் தூக்கி அடித்தால் சுவரில் மோதும். அதனால் பந்தைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டு போகும் ஆட்டம் வளர்ந்தது. றக்பி பாடசாலைக்கு அகன்ற புல்வெளி இருந்தது. விழுந்தாலும் வலிக்காது. அங்கே பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடினார்கள், ஓடுபவனை மடக்கி விழுத்தினார்கள். ஈற்றனில் ஒரு நீண்ட மதில், அதை ஒட்டி ஏறக்குறைய ஐந்து மீற்றர் அகலத் துண்டு நிலம். அதற்குள் இரு அணியும் நெருக்கித் தள்ளும் மதில் ஆட்டம் இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் அவர்கள் கொண்டாடும் புனித அந்திரேயர் நாள் ஆட்டத்தில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909இல்!

வன்னியில் பயிற்றுவிப்பவர்களுக்கு இது புதிதாக இராது. முல்லைத்தீவுக் கரையோர மணல் மைதானத்தில் பந்து துள்ளாது, உருட்டிக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். அங்கே பழகிய பிள்ளைகள் பந்தைக் கிளப்பித்தான் கொடுப்பார்கள். கிளிநொச்சிப் பக்கத்துக் கிரவல் தரையில் பந்து சறுக்கிக்கொண்டு பறக்கும். முழங்கால் தோல் போகும் என்ற பயத்தில் பிள்ளை விழுந்து பந்தைத் தடுக்க மாட்டான், நின்றபடி காலை நீட்டுவான். வயலோரக் களிமண்ணில் மழை விட்ட மறுநாள் பூட்ஸுக்கு அடியில் ஒரு கிலோ மண் ஒட்டும். மூன்று நிலத்தில் வளர்ந்த மூன்று ஆட்டம் ஒரே வலயப் போட்டியில் சந்திக்கின்றன. சண்டை வருவதில் ஆச்சரியம் இல்லை.

இங்கிலாந்திலும் அந்தச் சந்திப்பில்தான் சண்டை தொடங்கியது. பாடசாலை முடித்த பையன்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடப் போனபோது அவரவர் பாடசாலைச் சட்டத்தையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். றக்பிப் பையன் பந்தைக் கையால் எடுத்தால் ஈற்றன் பையன்கள் கூச்சலிட்டார்கள். 1848இல் ஈற்றன், ஹரோ, றக்பி, வின்செஸ்ரர், ஷ்ரூஸ்பெரி ஆகிய பாடசாலைகளின் பழைய மாணவர்களும் வேறு சிலரும் ஓர் அறையில் கூடினார்கள். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தொடங்கிய பேச்சு நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் முடிந்தது. எழுதிய விதிகளை அச்சடித்து, பார்க்கர்ஸ் பீஸ் என்ற திறந்த திடலில், ஆடுகிற இடத்திலேயே ஒட்டினார்கள். எட்டு மணி நேர வாக்குவாதத்தை ஒரே நாளோடு முடித்துவிட்டு, பிறகு வருகிறவர்களுக்குத் தாளைக் காட்டினார்கள். நாம் அதே வாக்குவாதத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் பிரித்துப் பிரித்துச் செய்கிறோம், அவ்வளவே.

1863 ஒக்ரோபர் 26ஆம் திகதி இலண்டனில் பிறீமேசன்ஸ் விடுதியில் கழகங்கள் கூடி உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தன. செயலாளர் எபனேசர் கொப் மோர்லி. டிசெம்பர் 8இல், ஆறாவது கூட்டத்தில் 13 விதிகள் நிறைவேறின. பந்தோடு ஓடுவதையும் எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதையும் நீக்கியதை ஏற்காத பிளாக்ஹீத் கழகம் விலகியது. அந்தப் பக்கம் போனவர்கள் 1871இல் றக்பி ஒன்றியத்தை அமைத்தார்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு பாடசாலை அணித்தலைவரும் வந்திருந்தார். சாட்டர்ஹவுஸின் பி. எப். ஹார்ட்ஷோர்ண். பொது விதி நல்லதுதான், ஆனால் மற்றப் பாடசாலைகள் சேரும்வரை எங்கள் பாடசாலை கையெழுத்து வைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நமது பயிற்றுநர் கூட்டங்களில் கேட்டுப் பழகிய பதில்! இதே ஹார்ட்ஷோர்ண் பிறகு இலங்கை சிவில் சேவையில் பணிபுரிந்து வேடர்களைப் பற்றி எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த 13 விதிகளை இன்று வாசித்தால் எவ்வளவு விடுபட்டிருந்தது என்று தெரியும். ஓர் அணிக்கு எத்தனை பேர் என்று இல்லை. எத்தனை நிமிடம் என்று இல்லை. மத்தியஸ்தர் இல்லை. குறுக்குக் கம்பமும் இல்லை: 8 யார் (ஒரு யார் மூன்று அடி) இடைவெளியில் இரண்டு கம்பம், அவற்றுக்கு இடையே எந்த உயரத்தில் பந்து போனாலும் கோல். மைதானம் 200 யார் நீளம்வரை போகலாம். பந்து தரையைத் தொடுமுன் கையால் பிடித்தால் ஒரு சுயாதீன உதை கிடைக்கும். பூட்ஸின் அடியில் துருத்திய ஆணியோ இரும்புத் தகடோ இருக்கக் கூடாது என்ற ஒன்று மட்டும் அன்றே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. விடுபட்டவற்றை அணித்தலைவர்கள் ஆட்டத்துக்கு முன் பேசித் தீர்த்தார்கள். 1866 மார்ச் 31இல் இலண்டன் அணியும் ஷெபீல்ட் அணியும் மோதியபோது ஆட்டம் 3 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடியும், பக்கத்துக்குப் பதினொருவர் என்று முன்கூட்டியே இணங்கிக்கொண்டார்கள். தொண்ணூறு நிமிடம் என்பதும் பதினொரு பேர் என்பதும் விதிப்புத்தகத்தில் ஏறியது 1897இல்தான்.

கடலுக்கு அப்பாலும் பாடசாலைப் பையன்கள்தான் முந்தினார்கள். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1862இல் இடைநிலைப் பாடசாலை மாணவர்கள் சேர்ந்து ஒனைடா என்ற கழகத்தை அமைத்து நகரப் பொதுத் திடலில் ஆடினார்கள். காலாலும் கையாலும் கலந்து ஆடிய ஆட்டம் அது. உதைபந்தாட்டத்தை அங்கே இன்று ‘சொக்கர்’ என்று சொல்வதைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லும் இங்கிலாந்து மாணவர் பேச்சில் பிறந்ததே. சங்கம் என்று பொருள்படும் ‘அசோசியேஷன்’ என்பதன் நடுத்துண்டை வெட்டியெடுத்துச் செய்த செல்லப்பெயர்.

இனிக் கயிற்றுக்கு வருவோம்.

மைதானம் கீறும்போது எல்லோரும் மீற்றர் நாடாவைத் தேடுகிறார்கள். 7.32, 2.44, 9.15, 16.5 என்ற எண்களை நினைவில் வைக்க முடியாமல் காலடியால் அளந்து முடிக்கிறார்கள். இந்த எண்கள் ஏன் இப்படி உடைந்து கிடக்கின்றன? அவை யாரிலும் அடியிலும் பிறந்தவை. அடிக்கு மாற்றினால் எல்லாம் முழு எண்ணாகிவிடும். கோல் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. கோலுக்கு முன்னால் கீறும் சின்னப் பெட்டி 18 அடி. நடுவட்டத்தின் ஆரை 30 அடி. பெனால்டிப் புள்ளி 36 அடி. பெரிய பெட்டி, அதாவது பெனால்டிப் பெட்டி, 54 அடி. இன்றைய மீற்றர் அளவோடு வித்தியாசம் எங்கும் ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாது. மூலை வளைவு மட்டும் விலக்கு. அது ஒரு மீற்றர், அதாவது 3 அடி 3 அங்குலம். தச்சரிடமும் மேசனிடமும் இருக்கும் அடிநாடா இதற்குப் போதும்.

54 அடி நீளத்தில் ஒரு கயிறு எடுங்கள். இரு நுனியிலும் முளையில் மாட்டும் கண் வையுங்கள். ஒரு கண்ணிலிருந்து 3 அடி 3 அங்குலம், 18, 24, 30, 36 ஆகிய அளவுகளில் நிறச் சீலைத் துண்டு கட்டுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், ஒவ்வொரு முடிச்சும் கயிற்றில் ஒன்றிரண்டு அங்குலத்தை விழுங்கும். நைலோன் கயிறு கையால் இழுத்தாலே நீளும், தும்புக் கயிறு நனைந்தால் சுருங்கும். பின்னல் போட்ட, நீளாத கயிறு நல்லது. எதுவானாலும் அந்தப் பருவத்தின் முதல் நாள் நாடாவோடு ஒருதரம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நம் பாடசாலைக் காணிகளுக்குப் பொருந்தும் அளவு 300 அடி நீளம், 180 அடி அகலம். விதி கேட்கும் ஆகக் குறைந்த 90 மீற்றருக்கு 45 மீற்றர் என்பதைவிடச் சற்றே பெரிது. முதலில் கோல் கோட்டில் மூலை முளையை அடித்து, அதிலிருந்து 18 அடியில் இன்னொரு முளை அடியுங்கள். கயிற்றின் முதல் கண்ணை மூலை முளையிலும் கடைசிக் கண்ணை 18 அடி முளையிலும் மாட்டுங்கள். இப்போது 24 அடிச் சீலையைப் பிடித்து, இரு பக்கமும் விறைக்கும்வரை மைதானத்துக்குள் இழுங்கள். 18, 24, 30 என்ற முக்கோணம் கிடைக்கும், மூலையில் சரியான செங்கோணம் விழும். கொத்தனார் மூலைமட்டம் பிடிக்கும் 3, 4, 5 கணக்கைத்தான் ஆறால் பெருக்கியிருக்கிறோம். நான்கு மூலையும் முடிந்தபின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 349 அடி 10 அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் மைதானம் சரிந்த இணைகரம். அந்தப் பக்கத்து ஓவ்சைட் (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் பிழை) தீர்ப்பு முழுவதும் தவறிப்போகும், ஏனென்றால் கோட்டு உதவியாளர் எல்லைக்கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் பார்வையை ஓட விடுவார்.

180 அடி அகலத்தைப் பரிந்துரைக்க இன்னொரு காரணம் உண்டு. கோல் கோட்டில் மூலையிலிருந்து 24 அடியில் பெரிய பெட்டி தொடங்கும். அங்கிருந்து 54 அடியில் ஒரு கோல்கம்பம், 24 அடியில் மற்றக் கம்பம், பிறகு 54, பிறகு 24. கூட்டினால் 180. ஒரே கயிற்றைப் புரட்டிப் புரட்டி வைத்தால் கோடு முடிந்துவிடும். நாங்கள் அதிகம் காணும் பிழை, பெரிய பெட்டியின் 54 அடியைக் கோலின் நடுவிலிருந்து அளப்பது. அது கம்பத்தின் உட்பக்கத்திலிருந்து அளக்கப்பட வேண்டியது. நடுவிலிருந்து அளந்தால் பெட்டி ஒவ்வொரு பக்கமும் 12 அடி சுருங்கும். பெட்டிக்குள் நடந்த பிழை வெளியே நடந்ததாகிவிடும். பெனால்டிப் புள்ளி மட்டுமே கோலின் நடுவிலிருந்து அளப்பது. அந்தப் புள்ளியில் முளை வைத்து 30 அடியால் வளைவு போடும்போது, பெட்டிக்கு வெளியே விழும் துண்டை மட்டும் கீற வேண்டும்.

1891இல் பெனால்டி வந்தபோது புள்ளியே இல்லை. 12 யார் தூரத்தில் மைதானத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அதில் எங்கு வைத்தும் உதைக்கலாம். அயர்லாந்துக் கோல்காப்பாளர் வில்லியம் மக்ரம் முன்மொழிந்த விதி அது. கனவான்கள் வேண்டுமென்று பிழை செய்வதில்லை, ஆகவே இந்த விதியே எங்களுக்கு அவமானம் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். செவ்வகப் பெட்டியும் புள்ளியும் 1902இல், பெட்டி வளைவு 1937இல் வந்தன.

கோடு போட நீற்றாத சுட்ட சுண்ணாம்பைத் தூவவே கூடாது. வியர்வையிலும் கண்ணிலும் பட்டால் வெந்துவிடும். நன்றாக நீற்றி உலர்த்திய சுண்ணாம்பு, அதைவிடச் சோக்குத் தூள் நல்லது. மணல் மைதானத்தில் வெள்ளைக் கோடு கண்ணுக்கே தெரியாது, அங்கே உமிக்கரியைத் தூவுங்கள், வெள்ளை மணலில் கரிக்கோடு எதிர்க்கரைவரை தெரியும். மண்வெட்டியால் கீறிக் கோடு போடும் பழக்கத்தை விட வேண்டும். ஆழமில்லாத அந்தச் சாலில்தான் கணுக்கால் மடங்குகிறது. கோட்டின் அகலம் ஐந்து அங்குலத்துக்கு மேல் போகாதிருக்கட்டும். மைதானத்தை அகலப்படுத்தப் பற்றையை வெட்டுமுன், அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். வன்னியில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கோலில் குறுக்குக் கம்பம் வந்த கதையே நம் கதை. எந்த உயரத்தில் போனாலும் கோல் என்றதில் தகராறு வந்ததும் 1866இல் 8 அடி உயரத்தில் ஒரு நாடா கட்டச் சொன்னார்கள். நாடா நடுவில் தொய்ந்தது, காற்றில் ஆடியது. 1875இல் மரச்சட்டம் வைக்கலாம் என்றார்கள், 1882இல் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டைக்கு லிவர்பூல் பொறியியலாளர் ஜோன் அலெக்ஸாண்டர் புறோடி 1889இல் வலை கண்டுபிடித்தார். நாம் இன்னும் கயிறு கட்டி, வலை இல்லாமல் ஆடிக்கொண்டு அதே சண்டையைப் பிடிக்கிறோம். முல்லைத்தீவில் கழித்துப்போட்ட மீன்வலைக்குப் பஞ்சமா?

இருபது அடி நீள இரும்புக் குழாய் ஒன்றைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு கம்பம். ஒவ்வொன்றிலும் 2 அடி மண்ணுக்குள், 8 அடி வெளியே. குறுக்குக் கம்பத்துக்கு 24 அடி வேண்டும், ஆகவே ஒரு முழுக் குழாயோடு நாலடித் துண்டு ஒட்ட வேண்டும். சிலர் இரண்டு பன்னிரண்டடித் துண்டை நடுவில் ஒட்டுகிறார்கள். பாரம் ஆகக் கூடும் இடத்தில் ஒட்டு விழுகிறது, ஒரு பருவத்துக்குள் தொய்கிறது. ஒட்டைக் கம்பத்துக்குக் கிட்டவே வைத்து, உள்ளே நுழையும் சிறிய குழாய்த் துண்டொன்றைச் செருகிய பிறகு ஒட்டவும். 24 அடி என்பது கம்பங்களின் உட்பக்கத்துக்கு இடையே, 8 அடி என்பது குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்திலிருந்து தரைவரை. அதையும் நடுவில்தான் அளக்க வேண்டும். கோல்காப்பாளர் நின்று நின்று தரை குழிந்து மூன்று நான்கு அங்குலம் போயிருக்கும். ஆட்டத்துக்கு முன் மண் இட்டு இடித்து நிரப்புங்கள். மணல் நிலத்தில் 2 அடி ஆழம் கொங்கிறீற் இல்லாமல் நிற்காது. நிலத்தில் சும்மா வைத்த, தூக்கிச் செல்லும் கோல் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. குறுக்குக் கம்பத்தில் ஒரு பிள்ளை தொங்கினால் அது முன்னால் கவிழும். பின் சட்டத்தில் மண்மூட்டை ஏற்றாமலோ முளையடித்துக் கட்டாமலோ ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

பந்து பற்றிச் சுருக்கமாக. தொடக்கத்தில் பன்றியின் சலப்பையை ஊதித் தோலுக்குள் வைத்தார்கள். றக்பி நகரத் தோல் தொழிலாளி றிச்சர்ட் லின்டன் 1862 அளவில் றப்பர் பையும் காற்றடிக்கும் பம்பும் கொண்டுவந்தார். பருமன் 1872இல் 27 முதல் 28 அங்குலம் என்று தீர்ந்தது. இன்றும் ஏறக்குறைய அதேதான்: 5ஆம் இலக்கப் பந்து சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 4ஆம் இலக்கம், 63.5 முதல் 66 சென்ரிமீற்றர். மலிவுப் பந்தைக் கடையிலேயே நூலால் சுற்றி அளந்து வாங்குங்கள். காற்று மிஞ்சினால் தையல் விரிந்து 70ஐத் தாண்டும். காற்றை மத்தியான வெயிலில் அடித்துவிட்டு மாலையில் பார்த்தால் குறைந்திருக்கும், காலையில் அடித்தால் வெயிலில் விம்மும். ஆட்டம் தொடங்கும் நேரத்தை ஒட்டியே அடியுங்கள். ஊசியைக் காய்ந்தபடி செருகினால் வாய் கிழியும். தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்தால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், றப்பரை இளக்கிவிடும்.

வன்னியில் பந்தைக் கொல்வது நெருஞ்சி. மாரி மழைக்குப் பின் மஞ்சள் பூ தெரியும்போதே வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டு எரித்துவிட வேண்டும். முள் காய்ந்த பிறகு வாரினால் வாருகோலே அதை மைதானம் முழுவதும் விதைக்கும். வெறுங்காலோடு ஆடும் பிள்ளைக்கும் இதே கதிதான்.

விதித்தாளில் என்னென்ன இருக்க வேண்டும்? ஆட்ட நேரம், இடைவேளை, தண்ணீர் இடைவேளை. வயதுக் கணக்குக்கு எந்தத் திகதி. மாற்று வீரர் எத்தனை, வெளியே போனவர் திரும்பலாமா. இளையோர் போட்டிகளில் ஆட்ட நேரத்தையும் மைதான அளவையும் குறைக்கவும், வெளியே போனவரைத் திரும்ப இறக்கவும் சர்வதேச விதிப்புத்தகமே இடம் விடுகிறது. ஆகவே திரும்ப இறக்குவது பிழையில்லை. அன்று காலையில் திடீரென்று அறிவிப்பதுதான் பிழை. காலணி பற்றி ஒரு வரி: ஒன்றில் எல்லோருக்கும் பூட்ஸ், அல்லது கூரிய குமிழ் இல்லாத சப்பாத்து அல்லது வெறுங்கால். கலப்பு வேண்டாம். முழங்கால் கீழ்க் காப்பு எல்லோருக்கும். பந்து யார் கொண்டுவருவது, பிந்தி வரும் அணிக்கு எத்தனை நிமிடம் பொறுப்பது, கோட்டு உதவியாளர் எந்தப் பாடசாலை (ஆடும் இரண்டும் அல்லாத மூன்றாவது பாடசாலை என்று எழுதிவிடுங்கள்).

சமநிலையானால் என்ன என்பதையும் எழுதுங்கள். பெனால்டிப் புள்ளியிலிருந்து உதைத்து வெற்றி தீர்மானிக்கும் முறை 1970இல்தான் விதியானது. 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியை இத்தாலி நாணயச் சுழற்சியில் வென்றது. வன்னியிலும் மேலதிக நேரம் என்று இழுத்து, ஆறு மணிக்குப் பிறகு பந்து தெரியாமல், கடைசியில் நாணயத்துக்கு வருகிறோம். மேலதிக நேரம் வேண்டாம், 5.30க்குள் நேரே பெனால்டி என்று எழுதினால் இருட்டோடு போட்டி போட வேண்டியதில்லை.

தாளின் பின்பக்கத்தில் நான்கு விளக்கம் சேர்க்கலாம். ஓவ்சைட் எண்ணும்போது கோல்காப்பாளரும் எதிரணி வீரர்தான். பார்க்க வேண்டியது கடைசிக்கு முந்திய எதிரணி வீரரை. நம் பிள்ளைகள் ‘கடைசி பாக்’ என்று ஒருவரையே பார்க்கிறார்கள், கோல்காப்பாளர் முன்னேறி வந்துவிட்டால் கணக்கு தப்புகிறது. 1863இல் பந்துக்கு முன்னால் நின்றாலே ஓவ்சைட், 1866இல் மூன்று பேர், 1925இல் இரண்டு பேர் என்று இந்த விதி இளகி வந்தது. கோல் கிக் (கோல் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் காக்கும் அணி திரும்ப உதைப்பது) பந்து 2019 முதல் பெட்டிக்கு வெளியே போகத் தேவையில்லை, உதைத்து அசைந்தாலே ஆட்டத்தில் உண்டு. இன்னும் சில மைதானங்களில் பெட்டிக்குள் வாங்கினார் என்று திரும்ப உதைக்கச் சொல்கிறார்கள். கையெறியில் இரு காலின் ஒரு பகுதியாவது கோட்டிலோ கோட்டுக்கு வெளியேயோ தரையில் இருக்க வேண்டும், பந்து தலைக்குப் பின்னிருந்து தலைக்கு மேலால் வர வேண்டும். நாணயச் சுழற்சியில் வென்றவர் 2019 முதல் பக்கத்தையோ தொடக்க உதையையோ தேர்ந்தெடுக்கலாம். ஆனி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் பூநகரி, கிளிநொச்சி மைதானங்களில் இது சின்ன விடயம் இல்லை. காற்று பிற்பகலில் பலக்கும். ஆகவே முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடிவிட்டு, எதிரணி களைத்தபின் காற்றோடு ஆடுவது கெட்டிக்காரத்தனம். 1863இல் ஒவ்வொரு கோலுக்கும் பக்கம் மாறினார்கள், காற்று அநியாயம் செய்யக் கூடாதென்று.

பெண்கள் அணிகளுக்கும் இதே தாள், இதே மைதானம், இதே நேரம். காலை 8 மணிக்குக் கோடு போடுமுன் பெண்கள் ஆட்டத்தை முடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 1921 டிசெம்பர் 5இல் இங்கிலாந்துச் சங்கம் தன் கழக மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஓராண்டுக்கு முன்தான் லிவர்பூல் கூடிசன் பார்க்கில் அவர்களது ஆட்டத்தைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கு மேல் சனம் கூடியிருந்தது. அந்தத் தடை நீங்க அரை நூற்றாண்டு பிடித்தது.

வலயப் போட்டிக்கு முன் பாடசாலைக்குள்ளேயே இல்ல அணிகள் ஆடட்டும். இங்கிலாந்துச் சங்கத்தின் எப்.ஏ. கிண்ணத்துக்கான யோசனையை அதன் செயலாளர் சார்ள்ஸ் அல்கொக் கொண்டுவந்தது ஹரோ பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான போட்டியிலிருந்து. 1872 மார்ச் 16இல் முதல் இறுதியாட்டத்தில் அவரது வோண்டரர்ஸ் அணி றோயல் எஞ்ஜினியர்ஸை 1-0 என்று வென்றது. நம் பாடசாலைகளிலும் இல்லங்கள் இருக்கின்றன, மெய்வல்லுநர் போட்டியோடு அவை தூங்கிவிடுகின்றன. நான்கு இல்லம் என்றால் ஆறு ஆட்டம். கிழமைக்கு இரண்டு வைத்தால் மூன்று கிழமை. அதே விதித்தாளைக் கையில் கொடுத்து மாணவரையே கோட்டு உதவியாளராக நிறுத்துங்கள், கயிறு பிடிக்கவும் அவர்களையே விடுங்கள்.

துணுக்காய், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மடு, மன்னார் பகுதி வலயங்களின் உடற்கல்விப் பொறுப்பாளர்கள் ஒரு பிற்பகல் கூடினால் தாள் எழுதி முடியும். கயிற்றின் செலவு ஒரு பந்தின் விலைக்கும் கீழே. மாரி முடிந்து தரை இறுகும் மாசி, பங்குனியில் கோல்கம்பம் ஊன்றத் தொடங்கினால் இரண்டாம் தவணைப் போட்டிக்குள் மண் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
வன்னியின் பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள், மத்தியஸ்தர்கள் சிலர்
கிளிநொச்சி